பத்துக் கிலோ

மருதனார்மடம் சந்தையில் பதினெட்டு வருஷமாக
மற்றவர்களின் பாரத்தை நிறுக்கிறேன்.
கத்தரி, பயிற்றங்காய், மழைக்கு அழுகத் தொடங்கிய வெங்காயம்.
முள் எங்கே நிற்கிறதோ அதுதான் என் வாய்ச்சொல்.
என்னை ஒருவரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

கார்த்திகை மழை. இணுவில் மதவடி.
வாய்க்கால் எது வீதி எது என்று தெரியாத வெள்ளத்தில்
இடது பாதம் ஒரு பக்கம் போனது,
நான் ஒரு பக்கம் போனேன்.
நல்ல கரட்டோ என்று முறித்துப் பார்ப்பார்களே,
அந்தச் சத்தம்.

பெரியாஸ்பத்திரியில் இழுத்து நிமிர்த்திப் பிளாஸ்ரர் போட்டார்கள்.
"அடுத்த செவ்வாய் கட்டாயம் படம் எடுக்க வாங்கோ.
வீக்கம் வத்தினா உள்ளுக்க எலும்பு அசையும்."

செவ்வாய்தான்
லோன்காரத் தம்பி படலையடியில் மோட்டர்சைக்கிளை நிறுத்துகிற நாள்.
குழுவில் ஐந்து பெண்கள்.
ஒருத்தி காணாமல் போனால் நால்வரும் அவளுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும்.
நான் கிளினிக்குக்குப் போகவில்லை.
அதற்கடுத்த செவ்வாயும் செவ்வாய்தான்.

வீக்கம் வற்றியது.
பிளாஸ்ரருக்குள் ஒரு விரல் நுழையும் இடைவெளி வந்தது.
அதற்குள், சத்தம் போடாமல், எலும்பு இடம்பெயர்ந்தது.
இந்த ஊரில் இடம்பெயர்வைக் கிலோமீற்றரில் சொல்வார்கள்.
என்னுடையது இரண்டு மில்லிமீற்றர்.

மூன்று வருஷம் நடந்தேன்.
எந்தச் செருப்பு வாங்கினாலும் இடதின் உள்விளிம்பு முதலில் தேய்ந்தது.
காலையில் எழும்பி வைக்கிற பத்து அடி மட்டும் நொந்தது,
பிறகு மத்தியானமும்,
பிறகு, எப்போது நோகவில்லை என்று யோசிக்கவேண்டி வந்தது.
கணுக்காலுக்காக முழங்கால் பொய் சொன்னது.
முழங்காலுக்காக இடுப்பு.

டொக்டர் மயூரதி படத்தை வெளிச்சத்தில் செருகினா.
"உங்கட அறுபத்திரண்டு கிலோவும்
இந்த மூட்டு முழுக்கப் பரவித்தான் இறங்கவேணும், அக்கா.
இப்ப இந்த நகத்தளவு இடத்தில குத்துது.
நடக்கேக்க அது நாலு மடங்கு."

எனக்கு விளங்கியது.
மேடைத் தராசின் மூலையில் மூட்டையைத் தொப்பென்று போடுகிறவர்களை
நான் எத்தனை தரம் ஏசியிருப்பேன்.
நிறை மாறாது. முள்ளும் நேர்மையாகத்தான் நிற்கும்.
அடியில் ஒரு கால் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்,
தராசே பொய்யாகிற நாள்வரை.

"திரும்ப வெட்டி நேராக்கவேணும்.
குருத்தெலும்பு இன்னும் மிச்சமிருக்கு, அதாலதான் சொல்லுறன்."
"எந்தக் கிழமை?"
"செவ்வாய்."
சிரிப்பதோ என்று எனக்குத் தெரியவில்லை.
இந்த முறை நால்வரும் கட்டினார்கள்.
தேவமலர் மட்டும் படலைவரை வந்து
கேட்கும்படியாக முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் கிழமை சொன்னார்கள்:
காலை ஊன்றலாம்,
ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம்,
வீட்டில் தராசு இருந்தால் அதில் வைத்துப் பழகுங்கள்.

வீட்டில் தராசு!
பக்கத்துக் கடை நிரோஜன் என் மேடைத் தராசை
ஓட்டோவில் ஏற்றி வந்து குசினி வாசலில் இறக்கினான்.
பத்துக் கிலோ என்றால் என் கைக்குக் கண்ணை மூடியும் தெரியும்.
காலுக்குத் தெரியவில்லை.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு
இடது பாதத்தை, மூலையில் அல்ல, நட்டநடுவில் வைத்தேன்.
நாலு.
ஏழரை.
பன்னிரண்டு, கூடிப்போச்சு, எடு எடு.
திரும்பவும்.

முள் நடுங்கி ஒன்பதே முக்காலில் நின்றது.
சந்தையென்றால் மேலே ஒரு பிடி வெங்காயம் போட்டுச் சரிக்கட்டலாம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
என்னை இன்னும் கொஞ்சம் போட்டேன்.